.22 ரைபிள் சிக்குகிறதா? தோட்டாவா, சுத்தமா, பாகமா, புது ரைபிளா?

ஆடிச் சாரல் தொடங்கிவிட்டால் என்னைத் தேடி வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். போன மாதம் வரை ஒழுங்காகச் சுட்ட .22 ரைபிள் இப்போது சுட்ட தோட்டாவின் காலிக்கூட்டை விட மறுக்கிறது, அல்லது அடுத்த தோட்டாவைப் பாதியில் கவ்விக்கொண்டு நின்றுவிடுகிறது. வேறு தோட்டா வாங்கட்டுமா? சுத்தம் போதவில்லையா? கூட்டைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரை மாற்றட்டுமா? இதைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கையால் திறந்து மூடும் போல்ட் ரைபிள் எடுத்துக்கொள்ளட்டுமா? கேட்பவர் குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவராக இருப்பார், தாத்தா காலத்து உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு வருபவராக இருப்பார், என்.சி.சி. முகாமில் முதன்முதலாக .22 பிடித்த ஆசையில் போட்டிச் சுடுதலுக்கு வந்த நாகர்கோவில் கல்லூரி மாணவராகவும் இருப்பார். நானும் அப்படி ஒரு மாணவனாகத் தொடங்கியவன்தான். இப்போது சுடுதளத்தில் புதியவர்களின் தோளருகே நிற்கிறேன்.

நான்கில் எதுவும் சரியான பதிலாக இருக்கலாம் என்பதுதான் இந்தக் கேள்வியின் சிக்கல். ஆளுக்கொன்று சொல்வார்கள், சொன்ன ஒவ்வொருவருக்கும் அவர் ரைபிளில் அது பலித்திருக்கும். என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: காலிக்கூட்டைக் கையில் எடுத்துப் பார்க்காமல் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், எடுக்கப்போகும் வழி உண்மையான காரணத்தைத் தொடுகிறதா என்பது. இரண்டாவது, உரிமப் புத்தகம். நம் நாட்டில் தோட்டாவும் பாகமும் ரைபிளும் கடையில் போய் அள்ளிக்கொண்டு வரும் பொருள்கள் அல்ல. ஓர் ஆண்டுக்கு எத்தனை தோட்டா, ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்பது புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. சோதனைக்காகச் சுடும் ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில்தான் கழியும். மூன்றாவது, குறி கெடுமா என்பது. நான்காவது, தவறாகச் செய்தால் திருத்த முடியுமா என்பது. ஐந்தாவதை வெளியூர்க்காரர்கள் எழுதிய கையேடுகளில் காண முடியாது: இரண்டு பருவமழையும் பெய்கிற, உப்புக்காற்று வீட்டுக்குள் வருகிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்த வழி நிலைக்குமா?

## அழுக்கு எங்கிருந்து வருகிறது

.22 லாங் ரைபிள் தோட்டா 1887-இல் வந்தது. அடிப்படை அமைப்பு இன்றும் மாறவில்லை. பற்றவைக்கும் கலவை, பெரிய தோட்டாக்களைப் போல அடிப்பாகத்தின் நடுவில் தனிக் கிண்ணமாக இல்லாமல், கூட்டின் அடி விளிம்புக்குள் சுற்றிலும் பரப்பப்பட்டிருக்கிறது. ஃபயரிங் பின் என்ற தட்டும் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் தீப்பற்றும். நசுங்க வேண்டும் என்பதால் கூடு மெல்லியது. கூடு மெல்லியது என்பதால் உள்ளே அதிக அழுத்தம் வைக்க முடியாது. அழுத்தம் குறைவு என்பதால் எரியாமல் மிஞ்சும் மருந்துத் துகளும் கரியும் ரைபிளுக்குள் சேரத் தொடங்குகின்றன. குண்டோ சுமார் 2.6 கிராம் எடையுள்ள மென்மையான ஈயம். மேலே மெழுகு பூசியிருக்கும்.

ஆக கரி, ஈயம், மெழுகு என மூன்று. வறண்ட ஊரில் இவை பொடியாக உதிரும். நம் ஊர் ஈரத்தில் குழைந்து பசையாகின்றன. அந்தப் பசை மூன்று இடங்களில் உட்காருகிறது: தோட்டா உட்காரும் சேம்பரில், சேம்பர் முடிந்து, உள்ளே சுழல் வரிகள் வெட்டிய வரிக்குழல் தொடங்கும் இடத்தில் ஒரு கார்பன் வளையமாக, சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்திலும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடியிலும். குழலின் மற்ற நீளத்தில் படிவது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. இது தெரியாமல் பலர் குழலை மாங்குமாங்கென்று தேய்த்துவிட்டு, சேம்பரை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கி ரைபிளில் இது இரட்டிப்பாகும். அதில் சுட்ட கூடே பின்னோக்கி உந்தி போல்ட்டைத் தள்ளுகிறது. குழலில் வாயு மிச்சமிருக்கும்போதே சேம்பர் திறப்பதால் கரி இயந்திரப் பகுதிக்குள் வீசுகிறது. போல்ட் ரைபிளிலோ நாம் கையால் திறக்கும்வரை எல்லாம் மூடியே இருக்கும்.

## காலிக்கூட்டைப் படியுங்கள்

தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பர் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகுதான் எந்தச் சோதனையும். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கை நோக்கியே வைத்துக் குறைந்தது 30 வினாடி காத்திருங்கள். தாமதமாகப் பற்றும் தோட்டாவும் உண்டு. வழக்கமான ஓசைக்குப் பதில் மெல்லிய 'பொட்' மட்டும் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம்.

கூடு சேம்பருக்குள்ளேயே தங்கிவிட்டதா? சேம்பரை மட்டும் சுத்தம் செய்து 10 தோட்டா சுடுங்கள். சரியாகிவிட்டால் அழுக்குதான். சரியாகவில்லை என்றால் எக்ஸ்ட்ராக்டர் நகத்தையும் அதன் ஸ்பிரிங்கையும் பாருங்கள்.

கூடு வெளியே வந்தும் முழுதாக விழாமல், மூடும் போல்ட்டுக்கு நடுவே புகைபோக்கி போல நிமிர்ந்து நிற்கிறதா? போல்ட் போதிய தூரம் பின்னால் போகவில்லை என்பதே முதல் சந்தேகம். தோட்டாவின் வேகம் குறைவாக இருக்கலாம், பசை இழுக்கலாம். எக்ஸ்ட்ராக்டரும், கூட்டை வெளியே தட்டிவிடும் எஜெக்டரும் இரண்டாவது சந்தேகம்.

வெடிக்காத தோட்டாவின் விளிம்பில் பின் பதித்த தடத்தைப் பாருங்கள். ஆழமான தடம் இருந்தும் பற்றவில்லை என்றால் தோட்டாவின் குறை. விளிம்பின் அந்த இடத்தில் கலவை பரவாமல் போயிருக்கும். தடம் மேலோட்டமாக இருந்தால் பின் ஓடும் வழியில் அழுக்கு, தளர்ந்த ஸ்பிரிங், அல்லது போல்ட் முழுதாக மூடவில்லை. இதில் கடைசியானது ஆபத்து. மூடாத போல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிச் சுடும் பழக்கம் சிலருக்கு உண்டு. மெல்லிய கூடு தாங்கலில்லாமல் வெடித்தால் பித்தளைத் துணுக்கு முகத்துக்கு வரும்.

குண்டின் மூக்கு நசுங்கியோ ஈயம் சீவப்பட்டோ இருந்தால் மேகசின் வாய் வளைந்திருக்கிறது.

இந்தப் பார்வைக்குப் பத்து நிமிடம் போதும். இனி நான்கு வழிகள்.

## முதல் வழி: தோட்டாவை மாற்றுவது

புகைபோக்கி போல நிற்கும் கூட்டுக்கும், ஆழமாகத் தட்டியும் பற்றாத தோட்டாவுக்கும் இதுவே சரியான மருந்து. சாதாரண வேகத் தோட்டா வினாடிக்குச் சுமார் 325 மீட்டர் போகும். அதிவேகத் தோட்டா சுமார் 380 மீட்டர். பல அரைத்தானியங்கி ரைபிள்களின் ஸ்பிரிங் இந்த இரண்டாவதற்காகவே அமைக்கப்பட்டது. போட்டிக்கான மெதுவான தோட்டாவைப் போட்டால் போல்ட் பாதி வழியில் திரும்பிவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். ரகம் மாறினால் குறியை மறுபடி அமைக்க வேண்டும். அதற்கே 20, 30 தோட்டா கழியும். குழலில் பழைய மெழுகு போய்ப் புதிய மெழுகு பரவும்வரை குண்டுகள் சிதறும். ஒரே பெயருள்ள தோட்டாவிலும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி வேறுபாடு உண்டு. எனவே முதலில் ஒரு சிறு பெட்டி வாங்கிச் சோதித்து, பொருந்தினால் அதே தொகுதி எண்ணில் மீதியை வாங்குவதே அறிவு.

இன்னொன்று நம் மாவட்டத்துக்கென்றே சொல்ல வேண்டியது. அதிவேகத் தோட்டாவைக் காற்று குறைவாகத்தானே ஒதுக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஒலியைவிட வேகமாகப் புறப்படும் இந்தக் குண்டைக் காற்று மிகக் கடுமையாக இழுத்து வேகத்தைப் பறிக்கிறது. பக்கவாட்டு விலகல் அந்த வேக இழப்பைப் பொறுத்தது. 100 மீட்டரில் அதிவேகக் குண்டே சாதாரண வேகக் குண்டைவிட அதிகம் விலகும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிறதே, அந்தக் காற்றில் ஒரு நாள் இரண்டு ரகத்தையும் மாறி மாறிச் சுட்டால் காகிதம் சொல்லிவிடும்.

தோட்டாவை மாற்றும் முன், இருப்பதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். ரப்பர் தோட்டக்காரர் வீடுகளில் ரப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியா வைத்திருப்பார்கள். அமோனியா ஆவியும் ஈரமும் சேர்ந்தால் இறுக்கத்தில் இருக்கும் பித்தளை வெடிப்பு விடும். ஆங்கிலேயர் காலத்தில் மழைக்காலத்துக்கென்று குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் காரணம் தெரியாமல் வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவே காரணம் என்று 1921-இல் விளக்கினார்கள். அதே பாடத்தை நான் எங்கள் ரப்பர் ஷெட்டின் பூட்டிய அலமாரியில் கற்றேன். பக்கத்து மூலையில் அமோனியா கேன் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. மழை முடிந்து பெட்டியைத் திறந்தபோது, குண்டைக் கவ்வியிருக்கும் வாய்ப்பகுதியில் மயிரிழைக் கோடுகள். முழுப் பெட்டியையும் விற்பனையாளரிடம் திருப்பி ஒப்படைத்தேன். அப்படிக் கோடு தெரியும் தோட்டாவைச் சுட வேண்டாம்.

கடற்கரைப் பக்கம் வசிப்பவர்களுக்கு: மணலில் விழுந்த தோட்டாவைத் துடைத்துவிட்டுக்கூட ஏற்றாதீர்கள். மணவாளக்குறிச்சிக் கருமணலில் இல்மனைட்டோடு கார்னெட், சிர்கான் துகள்களும் இருக்கின்றன. அவை மெழுகில் ஒட்டிக்கொண்டு குழலைக் கீறும்.

## இரண்டாவது வழி: சுத்தம் செய்யும் முறையை மாற்றுவது

நான் பார்த்த ரைபிள்களில் மிகப் பெரும்பாலானவை இதிலேயே குணமாகின. 'அதிகம் சுத்தம் செய்யுங்கள்' என்பதல்ல நான் சொல்வது. இடம் மாற்றிச் சுத்தம் செய்யுங்கள் என்கிறேன்.

என்.சி.சி.யில் பழகியவர்களுக்கு, குழலுக்குள் துணியை இழுத்துத் துடைக்கும் புல்த்ரூ கயிறும் 4 அங்குலத்துக்கு 2 அங்குலம் வெட்டிய ஃபிளானல் துணியும் கைவந்தவை. அந்தக் கயிறு குழலுக்கு மிக நல்லது. சேம்பர் பக்கமிருந்து வாய்ப்பக்கம் ஒரே திசையில் இழுப்பதால் குழல்வாய் தேய்வதில்லை. பின்பக்கம் திறக்காத அரைத்தானியங்கி ரைபிளுக்கும் பொருந்தும். ஆனால் அது கார்பன் வளையத்தை எடுக்காது. வளையத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். கயிற்றையே அழுக்கோடு மறுபடி மறுபடி பயன்படுத்தினால் மணலை நாமே உள்ளே இழுக்கிறோம். துவைத்துக் காயவையுங்கள்.

சுத்தம் செய்யும் கம்பி என்றால் ஒரே துண்டாக, மேலே உறை பூசியதாக, வழிகாட்டிக் குழாயோடு. மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் மலிவுக் கம்பி வளைந்து வரிகளை உரசும். வாய்ப்பக்கமிருந்து கம்பியைக் குத்திக் குத்திக் குழல்வாயைக் கெடுத்த ரைபிள்களைப் பார்த்தால் மனம் வலிக்கும். அழுக்கால் கெட்ட .22 குழலைவிடச் சுத்தம் செய்தே கெட்ட குழல்தான் அதிகம் என்று பழைய சுடுநர்கள் சொல்வது எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

எனக்குப் பலித்த ஒழுங்கு இது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட் முகம், எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடி, சேம்பரின் வாய் ஆகியவற்றை நைலான் தூரிகையாலும் துணியாலும் துடைக்கிறேன். சில நூறு தோட்டாவுக்கு ஒரு முறை சேம்பரில் கரி கரைப்பானில் நனைத்த தூரிகையை வைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, வெண்கலத் தூரிகையால் சில சுற்று. குழலை, குண்டுகள் சிதறத் தொடங்கினால் மட்டும். நன்கு துடைத்த குழல் தன் பழைய குறிக்குத் திரும்ப மெழுகுப் பூச்சு மறுபடி வேண்டும்; போட்டிக்கு முந்தைய இரவு குழலைப் பளபளப்பாக்குகிறவர்கள் மறுநாள் முதல் தொடரைத் தொலைப்பது அதனால்தான்.

நம் வீடுகளில் கைக்கு முதலில் வருவது தேங்காய் எண்ணெய். ரைபிளில் வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெய். மார்கழி விடியலில் பின் ஓடும் வழியில் கெட்டியாக நிற்கும். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், கூடவே காப்பு எண்ணெயையும் எடுத்துவிட்டு வெறும் இரும்பை உப்புக்காற்றிடம் விட்டுவிடும். செப்பு உறைக் குண்டுகளுக்கான அமோனியாக் கரைப்பானும் ஈயக் குண்டு சுடும் .22-க்குத் தேவையில்லை. துப்பாக்கி எண்ணெயிலும் கை தாராளமாக இருந்தால் சேம்பரில் தேங்கித் தோட்டாவின் கலவைக்குள் கசிந்து, பற்றாத தோட்டாவாக வெளிவரும்.

துடைத்த துணியில் ஈயம் இருக்கிறது. பற்றவைக்கும் கலவையிலும் ஈயச் சேர்மம்தான். கோழி மேயும் முற்றத்திலோ குழந்தைகள் கையெட்டும் இடத்திலோ அதைப் போடாதீர்கள். சோப்புப் போட்டுக் கைகழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

## மூன்றாவது வழி: பாகத்தை மாற்றுவது

சுத்தம் செய்து, வேறு தோட்டாவும் போட்டுப் பார்த்த பிறகும் கூடு தங்கினால், அல்லது தடம் மேலோட்டமாகவே விழுந்தால், இதுதான் வழி. மேகசின், எக்ஸ்ட்ராக்டர், ஸ்பிரிங் மூன்றும் தேயும் பொருள்கள். முதலில் இரண்டாவது மேகசின் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் சிக்கினால் ரைபிள் மீது குற்றமில்லை.

காலிச் சேம்பரில் சும்மா விசையைச் சுண்டிப் பழகுபவர்களுக்கு இந்தச் செலவு சீக்கிரம் வரும். .22-இல் பின் நேராகச் சேம்பரின் விளிம்பில் இடித்து அதை மழுக்கும். மழுங்கிய விளிம்பில் கூடு கவ்வும். ரைபிளின் கையேடு அனுமதித்தால் மட்டுமே காலியாகச் சுண்டலாம்.

நாகர்கோவிலில் எதையும் கடைந்து தரும் லேத் பட்டறைகள் இருக்கின்றன, அந்தக் கைத்திறனில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் துப்பாக்கியை அங்கே கொண்டுபோகக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் தொலைவில் இருப்பார். பழைய வெளிநாட்டு ரைபிளுக்குப் பாகம் மாதக்கணக்கில் வராது. இந்தக் காத்திருப்பும் செலவுதான்.

## நான்காவது வழி: போல்ட் ரைபிளுக்கு மாறுவது

போட்டிதான் இலக்கு என்றால் இதில் தயங்கவே வேண்டாம். சர்வதேச 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் ரைபிளுக்கு மட்டுமே இடம். இயந்திரம் எளிது, கரி குறைவாகத் திரும்பும், போட்டிக்கான மெதுவான தோட்டாவைத் தயங்காமல் ஏற்கும். கூடு இறுகினால் கையின் பலம் இருக்கிறது. ஆனால் அந்தப் பலமே அழுக்கை மறைக்கும். போல்ட் கனமாகத் திறக்கத் தொடங்கினால் சேம்பரைப் பாருங்கள்.

விலை மட்டும் செலவல்ல. பழையதை உரிமம் உள்ள ஒருவருக்கோ விற்பனையாளருக்கோ முறைப்படி மாற்ற வேண்டும், புதியதைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. தாத்தாவின் ரைபிளைக் கொடுத்துவிட்டு மூன்று மாதத்தில் வருந்தியவர்கள் உண்டு. அவர்கள் ரைபிளுக்குத் தேவைப்பட்டது ஒரு வெண்கலத் தூரிகை மட்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தோட்டா மாற்றம் | சுத்த முறை | பாகம் மாற்றம் | போல்ட் ரைபிள் |
|---|---|---|---|---|
| எந்தக் குறைக்கு | பாதியில் திரும்பும் போல்ட், பற்றாத தோட்டா | சேம்பரில் தங்கும் கூடு, மழைக்காலச் சிக்கல் | மேலோட்டத் தடம், நசுங்கும் மூக்கு, சுத்தத்துக்குப் பிறகும் தங்கும் கூடு | போட்டி இலக்கு |
| உரிமச் சுமை | தோட்டாக் கணக்கு குறையும் | இல்லை | உரிமமுள்ளவரிடம் மட்டுமே | அதிகம் |
| குறி | மறுபடி அமைக்க வேண்டும் | குழலைத் தொட்டால் மட்டும் மாறும் | பெரும்பாலும் மாறாது | புதிதாகப் பழக வேண்டும் |
| தவறினால் | தோட்டா வீண் | குழல்வாய் கெடும், திருத்துவது கடினம் | பணமும் மாதங்களும் | பழையது திரும்பாது |
| நம் ஊர் ஈரத்தில் | தோட்டாவை வைக்கும் இடத்தைப் பொறுத்தது | தொடர்ந்து செய்தால் நிலைக்கும் | அழுக்கு மறுபடி வரும் | சுத்தம் அப்போதும் வேண்டும் |

## யாருக்கு எது

மழைக்காலத்தில் மட்டும் சிக்குகிறது என்றால் சுத்தம், சந்தேகமே இல்லை. புதிய பெட்டி திறந்த நாளிலிருந்து சிக்குகிறது என்றால் தோட்டா. எந்தப் பருவத்திலும் எந்தத் தோட்டாவிலும் ஒரே மாதிரி சிக்குகிறது என்றால் பாகம். மாணவர்களுக்கு என் வற்புறுத்தல் வேறு: பழைய அரைத்தானியங்கியைச் சரிசெய்வதில் ஓர் ஆண்டைச் செலவழிக்க வேண்டாம். சங்கத்தின் போல்ட் ரைபிளில் பழகுங்கள், பணத்தைத் தோட்டாவுக்கு வையுங்கள்.

ரைபிளை நுரைப்பஞ்சு வைத்த பெட்டியிலோ தோல் உறையிலோ நாள்கணக்கில் விடாதீர்கள். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூட்டிய அலமாரியில் சிலிக்கா ஜெல் போட்டு, அது நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவையுங்கள். தொட்ட பிறகெல்லாம் எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள், வியர்வையும் உப்புதான்.

தேர்தல் அறிவிப்பு வந்து துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னால், அது வாரக்கணக்கில் நம் கையில் இருக்காது. அதற்கு முந்தைய நாளே சேம்பர் கரியை முழுதாக எடுத்து, குழலுக்குள்ளும் போல்ட்டிலும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காப்பு எண்ணெய் பூசிக் கொடுங்கள். கரி ஈரத்தை உறிஞ்சும். அதன் அடியில்தான் துரு தொடங்கும். திரும்ப வாங்கிய நாளில் காய்ந்த துணியைக் குழலில் இரண்டு மூன்று முறை இழுத்து, சேம்பரில் எண்ணெய் ஒரு சொட்டும் இல்லாமல் துடைத்த பிறகு முதல் தோட்டாவை ஏற்றுங்கள்.